தருமபுரியா, தர்மபுரியா? ஓப்பன்ரிஃபைனில் மாற்று விதிகள் அமைப்பது பற்றி

மாங்கூழ் ஆலைகளிலும் மண்டிகளிலும் விவசாயிகள் பட்டியல் பெரும்பாலும் எக்செல்லில்தான் கிடக்கிறது. ஊர்ப் பெயர் நாலு விதம், தேதி மூணு விதம். இதைப் புதுக் கணக்கு மென்பொருளுக்கு ஏற்றுமுன் ஒழுங்குபடுத்த ஓப்பன்ரிஃபைனைவிட வசதியான இலவசக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்று தொடங்கி, கூகுள் ரிஃபைன் ஆகி, 2012இல் இந்தப் பெயருக்கு வந்தது. பிரவுசரில் 127.0.0.1:3333 முகவரியில் திறந்தாலும் ஓடுவது உங்கள் கணினியிலேயேதான். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பட்டியலுக்கு இது பெரிய நிம்மதி.

கோப்பை ஏற்றும் திரையிலேயே பாதி வேலை இருக்கிறது. சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) ஏற்றினால், செல்லில் உள்ளதை எண்ணாக மாற்றும் தேர்வில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 04343 என்ற கிருஷ்ணகிரி எஸ்டிடி எண்ணின் முன்பூஜ்ஜியம் போய்விடும். அது போனபின் 4343ஓடு ஆறு இலக்கம் சேர்ந்து சரியாகப் பத்து இலக்கம் வரும். ‘பத்து இலக்கமா?’ என்று மட்டும் பார்க்கும் விதி அதை மொபைல் எண் என்று வாங்கிக்கொள்ளும். மொபைல் 6 முதல் 9 வரையிலான எண்ணில்தான் தொடங்கும் என்பதையும் விதியில் சேருங்கள். 4342, 4343, 4344இல் தொடங்குபவற்றுக்கு முன்னால் பூஜ்ஜியத்தைத் திருப்பி வையுங்கள்.

பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் காட்டும் பழைய எழுத்துரு) அடித்த பழைய கோப்பாக இருந்தால் இந்தக் கருவிக்குள் கொண்டுவருமுன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். என்கோடிங் பெட்டியில் எதைத் தேர்ந்தாலும் அது சரியாகாது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி விசை. மாற்றாமல் ‘நிறுத்தற்குறிகளை நீக்கு’ என்று ஒரு விதி ஓட்டினால் எல்லாப் பெயரிலும் புள்ளி போய்விடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றும் விதி ஓடினால் எழுத்தே வேறாகிவிடும்.

இதன் உயிர்நாடி ஃபேசட். ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) உள்ள வெவ்வேறு மதிப்புகளையும் ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்பதையும் பக்கவாட்டில் காட்டும். ஒரே ஊர் இரண்டு வரியில் வந்து, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லையா? ‘கொ’வின் ஒகரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியாகவும், சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருக்கும். ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதியை எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள்.

ஒன்றுபோல் இருக்கும் மதிப்புகளைக் கூட்டமாகப் பிடித்து ஒன்றாக்கும் கிளஸ்டர் வசதியைப் புகழாத ஆள் இல்லை. தமிழுக்கு அதை அப்படியே நம்ப முடியாது. அதன் ஒப்பீட்டு முறைகளில் மெட்டாஃபோன் ஆங்கில உச்சரிப்புக்கானது, கொலோன் ஜெர்மனுக்கானது. எழுத்துப் பிழைக்குக் கைகொடுப்பது, எத்தனை குறி வேறுபடுகிறது என்று எண்ணும் லெவன்ஷ்டைன். அதிலும் பிளாக் கேரக்டர்ஸ் என்ற அளவு 6 என்றே வரும். தொடர்ச்சியாக ஆறு குறிகள் பொதுவாக இருக்கும் சொற்களை மட்டும்தான் ஒப்பிடும் என்று பொருள். ‘தருமபுரி’க்கும் ‘தர்மபுரி’க்கும் வித்தியாசம் ஒரே குறி. ஆனால் இரண்டிலும் பொதுவான நீளமான துண்டு ‘மபுரி’. உயிர்க்குறிகளையும் எண்ணினால் ஐந்துதான். ஆக, மாவட்டத்தின் பெயரே சிக்காமல் நழுவிவிடும். அளவை 4க்கு இறக்குங்கள். வேகம் குறையும், பரவாயில்லை. எத்தனைக்கு இறக்கினாலும் பெங்களூரா, தோதாபுரி, கிளிமூக்கு மூன்றும் ஒரே மாம்பழம் என்று எந்த முறையும் கண்டுபிடிக்காது. அதை நாம்தான் எழுதித் தர வேண்டும்.

ஆள் பெயரில் கிளஸ்டரைத் தொடவே வேண்டாம். நிறுத்தற்குறியை நீக்கி, சொற்களை அகரவரிசையில் அடுக்கி ஒப்பிடும் ஃபிங்கர்பிரின்ட் முறைக்கு ‘கே. முருகன்’, ‘முருகன் கே’ என்ற வரிசையெல்லாம் ஒன்றுதான். ஒரே ஊரில் மூன்று கே.முருகன் இருப்பது அதற்குத் தெரியாது. மூவரின் பாக்கியும் ஒரே கணக்கில் விழும்.

மாவட்டப் பத்தி தனித் தலைவலி. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய பதிவுகளில் ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். பின்கோடு 635 என்றால் கிருஷ்ணகிரி, 636 என்றால் தருமபுரி என்று குறுக்குவழி போடாதீர்கள். 635111 உள்ள காரிமங்கலம் தருமபுரி மாவட்டம். வட்டத்தின் பெயரை வைத்து ஃபேசட்டில் வடிகட்டி, அந்த வரிசைகளுக்கு மட்டும் மாற்றுவதே சரி. மாற்றியதும் ஃபேசட்டை மூடுங்கள். மறந்தால் அடுத்த விதியும் அந்த வரிசைகளில் மட்டுமே ஓடும்.

தேதிக்கு வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். மாதத்துக்குப் பெரிய ‘எம்’ இரண்டு. சின்ன ‘எம்’ போட்டால் அது நிமிடம். பிழை வந்தால் பழைய மதிப்பையே விட்டுவைப்பதுதான் இயல்பான தேர்வு. அதை ‘பிழையைச் சேமி’ என்று மாற்றினால் எது மாறவில்லை என்பதை உடனே வடிகட்டிப் பார்க்கலாம்.

செய்த மாற்றங்களை அன்டூ/ரீடூ பகுதியில் எக்ஸ்ட்ராக்ட் கொடுத்து ஜேசன் (JSON) என்ற உரை வடிவில் எடுத்து வைக்கலாம், அடுத்த சீசன் கோப்பில் அப்ளை கொடுத்து அப்படியே ஓட்டலாம். ஆனால் கிளஸ்டர் செய்தது அந்த ஜேசனில் ‘இதை இதுவாக மாற்று’ என்ற உறைந்த பட்டியலாகத்தான் போகும். அடுத்த வருடம் யாராவது ‘தேன்கனிகோட்ட’ என்று புதிதாக அடித்தால் அதைக் கண்டுகொள்ளாது. ஒரு செல்லைக் கையால் திருத்தியது ஜேசனில் வரவே வராது. பத்தியின் தலைப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் விதி பத்தியைக் கண்டுபிடிக்காது.

இந்தக் கருவியால் முழுதாகக் காப்பாற்ற முடியாதது சர்வே எண். எக்செல்லில் 12/3 என்று அடித்த கணமே அது மார்ச் 12 ஆகிவிடும். 12/45 என்றால் 1945 டிசம்பர் 1. நாள் 1ஆகவும் வருடம் 1930க்கும் 1999க்கும் இடையிலும் இருந்தால், பெரும்பாலும் மாதம், வருடம் என்று பிடிக்கப்பட்ட எண்தான், பிரித்து மீட்கலாம். மற்றவற்றைப் பட்டாவோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

எல்லாம் முடித்து ஏற்றுமதி செய்த சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேவ் கொடுக்காதீர்கள். திருத்திய சர்வே எண்கள் மறுபடி தேதியாகும், பூஜ்ஜியம் மறுபடி போகும், 16 இலக்க வங்கிக் கணக்கின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகும். சரிபார்க்க நோட்பேட் போதும்.