கேப் இல்லாத ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்!

எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. சார்ஜர், அடாப்டர் மாதிரி பவர் சப்ளைகளில் மெயின்ஸைக் குறைந்த வோல்ட்டாக மாற்ற உதவும் 20 ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இருபதும் குப்பை.

இதில் கோரின் (சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் காந்தப் பொருள்) நடுக்காலில் கேப், அதாவது சிறு காற்று இடைவெளி, வேண்டும். ஆர்டருக்கு முன்பே தெளிவாகக் கேட்டேன்: "நடுக்காலைத் தேய்த்து கேப் வைத்துத்தானே தருவீர்கள்?" "ஆமாம் சார், 0.25 மி.மீ. பிரைமரி 1.1 மில்லிஹென்றி" என்றார்கள். பிரைமரி என்பது மெயின்ஸ் பக்கச் சுருள்; மில்லிஹென்றி அதன் இண்டக்டன்ஸின் (கரண்ட் சட்டென ஏறுவதைத் தடுக்கும் குணத்தின்) அலகு. அதை அளக்கும் எல்சிஆர் மீட்டர் அதே அளவைக் காட்டும் படமும் வந்தது. அந்தப் படத்தை நம்பித்தான் 20 பீஸ் பணமும் போனது.

வந்த சரக்கை அளந்தால் 9 மில்லிஹென்றி! ஈ25 அளவு கோரில் 70 சுற்றுக்கு, கேப்பே இல்லாவிட்டால்தான் இவ்வளவு வரும். இண்டக்டன்ஸ் கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். மாஸ்ஃபெட் (கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஆனில் இருக்கும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்து, ஆஃப் ஆனதும் டையோடு வழியாக அவுட்புட் பக்கச் சுருளான செகண்டரிக்குத் தள்ளுவதுதான் ஃப்ளைபேக். அந்த ஆற்றலில் பெரும்பங்கு தங்குவது அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியில். கேப் இருந்தால் 1 ஆம்பியர் உச்சத்தில் கோரில் காந்தப்புலம் சுமார் 0.3 டெஸ்லா, தாங்கும். இல்லாவிட்டால் 0.15 ஆம்பியரை ஒட்டியே சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது கோரின் காந்த சக்தி நிரம்பிவிடும். பிறகு கரண்டைத் தடுக்கக் கிட்டத்தட்ட எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு சைக்கிளின் தொடக்கத்திலும் கண்ட்ரோலர் ஐசி சில நூறு நானோசெகண்ட் கரண்டைக் கவனிக்காது. அதற்குள் மாஸ்ஃபெட் ஷார்ட், சென்ஸ் ரெசிஸ்டர் வெடிப்பு, ஃபியூஸ் காலி.

புகார் செய்தால் முதலில் "உங்க சர்க்யூட் தப்பு". அடுத்து "ஸ்னப்பரை மாத்திப் பாருங்க". ஸ்னப்பர், இரு சுருள்களும் முழுதாக இணையாததால் வரும் லீக்கேஜ் வோல்ட்டேஜ் ஸ்பைக்கைத்தான் விழுங்கும். சாச்சுரேஷனுக்கு அது என்ன செய்யும்? கடைசியில் "சால்டர் பண்ணினதை எடுக்க மாட்டோம்". சால்டரே படாத பீஸ்களைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றது. 20 பீஸ் பணம், அப்படியே போச்சு!

அதைவிடக் கொடுமை உள்ளே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஒரே சுற்று இன்சுலேஷன் டேப். ஓரத்தில் மார்ஜின் (கம்பி சுற்றாமல் விடும் இடம்) இல்லை. செகண்டரியும் சாதாரண எனாமல் கம்பி. அவுட்புட்டைத் தொடுபவரின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

வாங்குவதென்றால் முதலில் இரண்டே பீஸ். பிரைமரி இண்டக்டன்ஸை நீங்களே அளங்கள். செகண்டரியை ஷார்ட் செய்து, பிரைமரியில் லீக்கேஜ் இண்டக்டன்ஸைப் பாருங்கள். பிரைமரி அளவில் 3 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். முதல் முறை பவர் கொடுப்பது, கரண்டைக் கட்டுப்படுத்த வரிசையில் மாட்டிய சீரிஸ் பல்ப் வழியாக. ஒரு பீஸைப் பிரித்தே பாருங்கள், மூன்று அடுக்கு டேப்பும் மார்ஜினுமோ டிரிபிள் இன்சுலேட்டட் கம்பியோ இல்லையென்றால் மெயின்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள்.