2 எச்பி புல் நறுக்கும் மெஷின்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

புல் நறுக்கும் மெஷின் வாங்கப் போகிற எல்லோரும் மணிக்கு எத்தனை கிலோ நறுக்கும் என்றுதான் கேட்கிறார்கள். புல் போடும் தட்டு எவ்வளவு நீளம் என்று முதலில் கேளுங்கள். நாங்கள் வாங்கியது கோவைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் செய்த 2 எச்பி சிங்கிள் பேஸ் மெஷின். இதில் தட்டு மூன்று அடி நீளம், அதில் புல்லை உள்ளே இழுக்கும் பல் உருளையை ஒட்டி ஒன்றரை அடி நீளத்துக்குத் தகர மூடி. தட்டின் முனையில் நின்று எவ்வளவு எட்டினாலும் விரல் உருளை வரை போகாது. பெரும்பாலும் சாயங்காலம் புல் போடுவது அம்மாதான், அதனால் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கையை முதலில் பிடிப்பது கத்தி இல்லை, பல் உருளைதான். புல்லோடு சேர்த்து முந்தானையோ வளையலோ துண்டோ சிக்கினால் போதும், உருளை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். எங்கள் மெஷினில் கத்தி மாட்டிய பெரிய சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று, கத்தி ரெண்டு, அதாவது நொடிக்கு 20 வெட்டு. கையை உருவிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கே அங்கே நேரம் கிடையாது.

நறுக்குவதில் குறை சொல்ல முடியாது. கோ-4 தீவனப் புல்லைப் பச்சையாகப் போட்டால் ஒரே அளவாக விழுகிறது, காய்ந்த சோளத்தட்டும் சரியாக நறுக்குகிறது. மழையில் நனைந்த புல்தான் அடைக்கும். அடைத்தால் கையால் தள்ளத்தான் யாருக்கும் தோன்றும், விரல் போவதும் அந்த நேரத்தில்தான். இதில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது, லீவரைப் பின்னால் தள்ளினால் புல்லை வெளியே துப்பிவிடும். ரிவர்ஸ் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கத்தி மழுங்கினாலும் அடைப்பு கூடும், அதனால் சாணை பிடிப்பதைத் தள்ளிப் போட வேண்டாம்.

இப்போது குறைகள். மெஷின் வந்தபோது பெல்ட்டுக்கு கவர் இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "அது எதுக்குங்க, பெல்ட் மாத்தறப்போ தொந்தரவு" என்றார். அப்புறம் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். கவசம் மெஷினோடு வர வேண்டிய பொருள், அதைத் தனி விலைக்கு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்திப் பூட்ட ஒரு ஊசி கூட வைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான் கத்தியைத் தொடுகிறோம். சுவிட்சை நாங்களே பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாற்றி, எர்த்தும் போட்டுக்கொண்டோம்.

இதெல்லாம் செய்ய முடியாத வேலை இல்லை. டெல்லி ஐஐடியில் தினேஷ் மோகன் குழு வட இந்திய கிராமங்களில் இந்த விபத்துகளை ஆராய்ந்து, சாதாரணப் பட்டறையிலேயே செய்யக்கூடிய எச்சரிக்கை உருளை (கை பல் உருளையை நெருங்குவதை உணர்த்துவது), கத்திக் கவசம், சக்கரப் பூட்டு எல்லாம் வடிவமைத்தது. அடிபட்டவர்களில் சக்கரத்தோடு விளையாடிய குழந்தைகளும் இருந்தார்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்களுக்காக 1983லேயே ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. ஆனாலும் கவசம் இல்லாத மெஷின் இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறது. வாங்குகிற நாம் கேட்காமல் பட்டறைக்காரர் மாட்டப் போவதில்லை. கால்நடைத் துறை 50 சதவீத மானியத்தில் இந்த மெஷின்களைக் கொடுத்திருக்கிறது, அப்படி வாங்கினாலும் மூடி, பெல்ட் கவர், ரிவர்ஸ் மூன்றையும் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியும் யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி 108ஐக் கூப்பிடுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு, கோவையில் கங்கா மருத்துவமனை இதில் பேர் பெற்றது.

நாலைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த 2 எச்பி தாராளம். பெல்ட் கவரை மாட்டிய பிறகே வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள், பாக்கிப் பணத்தை அதுவரை கொடுக்க வேண்டாம்.