180 கிலோமீட்டருக்கு எது: ஏரோபார் பூட்டிய ரோடு பைக்கா, ட்ரை பைக்கா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து முடிக்கும் டிரையத்லானில், முதல் முழு தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு பலரும் கேட்கிற கேள்வி இது. இருக்கிற ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில்பார் கொண்ட வழக்கமான ரேஸ் சைக்கிள்) கிளிப்-ஆன் ஏரோபார், அதாவது முழங்கையை ஊன்றி முன்னால் சாய உதவும் கம்பி, பூட்டிக்கொண்டு போனால் போதுமா, இல்லை அந்தச் சாய்வுக்கென்றே செய்த ட்ரை பைக் வாங்கியே ஆகவேண்டுமா? முதலாவதற்குச் சில ஆயிரம் ரூபாய். இரண்டாவதற்குச் சில லட்சம்.

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்ற கணக்கில் ஏறத்தாழ பாதி நேரம் சேடலில்தான் (சைக்கிள் இருக்கையில்) போகிறது. அமெச்சூர் பிரிவில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போகவும் முடியாது. இந்தத் தூரப் பந்தயங்களை நடத்தும் அயர்ன்மேன் அமைப்பின் விதிப்படி முன்சக்கரத்துக்கு முன்சக்கரம் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 வினாடிக்குள் முந்தியாக வேண்டும். தவறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்கவேண்டும். ஆக, காற்றை ஒவ்வொருவரும் தனியாகத்தான் கிழித்துக்கொண்டு போகவேண்டும். காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு சைக்கிளுடையது அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்புடையது.

இது 1989லேயே ஊரறிய நிரூபணமான விஷயம். அந்த ஆண்டு, பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், 24.5 கி.மீ. தனிநபர் நேரப்பந்தயத்தில், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஏரோபார் பூட்டிக்கொண்டு ஓட்டினார். 50 வினாடி பின்தங்கியிருந்தவர், மொத்தப் பந்தயத்தையும் 8 வினாடியில் ஜெயித்தார். டிரையத்லான்காரர்கள் அந்தக் கம்பியை அதற்கு முன்பே பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது கொசுறுத் தகவல்.

கணக்கு என்ன சொல்கிறது

உடம்பும் சைக்கிளும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பை சிடிஏ என்ற எண்ணால் குறிப்பார்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும், ரோடு பைக்கில் ஹூடைப் (பிரேக் நெம்புகோலின் மேல்பிடி) பிடித்து உட்கார்ந்தால் 0.36, கிளிப்-ஆன் ஏரோபாரில் சாய்ந்தால் 0.30, நன்றாகப் பொருத்திய ட்ரை பைக்கில் 0.26 என்று வைத்துக்கொள்ளலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, சமதளம், காற்றில்லை, வெயில் நேரம். ஹூடைப் பிடித்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக, சக்கரத்துக்குச் சுமார் 155 வாட் தேவை. இதே 155 வாட்டில் கிளிப்-ஆனில் 31.7 கி.மீ., ட்ரை பைக்கில் 33.1 கி.மீ. வேகம் கிடைக்கும். 180 கி.மீ.க்கு முறையே 6 மணி, 5 மணி 41 நிமிடம், 5 மணி 26 நிமிடம்.

பெரிய லாபம் முதல் படியிலேயே வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு 19 நிமிடம், அதற்கு மேல் சில லட்சத்துக்கு 15 நிமிடம்.

'நான் மெதுவாக ஓட்டுகிறவன், எனக்கெதற்கு ஏரோ' என்று சொல்வதும் தப்பு. 24 கி.மீ. வேகத்தில் ஹூடைப் பிடித்துப் போகிறவருக்கு, அதே உழைப்பில் கிளிப்-ஆன் 23 நிமிடம் மிச்சப்படுத்தும். ரோட்டில் அதிக நேரம் இருப்பவருக்கு மிச்சமும் அதிகம். நீச்சலும் உடைமாற்றும் சேர்ந்து 1 மணி 55 நிமிடம் ஆகிவிட்டால், நீச்சல் தொடங்கியதிலிருந்து 10 மணி 30 நிமிடம் என்ற கட்-ஆஃபுக்குள் (கால வரம்பு) சைக்கிளை முடிக்க சராசரி 21 கி.மீ. வேண்டும். பஞ்சர், கழிவறை, தண்ணீர் என்று நிற்பதெல்லாம் அந்தச் சராசரிக்குள்தான் அடங்கவேண்டும். 23 நிமிடத்தின் அருமை அப்போது தெரியும்.

இதில் ஒரு பொடி வைத்த நிபந்தனை உண்டு. மேலே சொன்ன வேகமெல்லாம் 180 கி.மீ.யும் சாய்ந்தே இருந்தால்தான். ட்ரை பைக்கில் பாதி தூரம் கழுத்து வலித்து நிமிர்ந்துவிட்டால் நேரம் 5 மணி 43 நிமிடம். ரோடு பைக்கில் கிளிப்-ஆனை விடாமல் பிடித்தவர் 5 மணி 41 நிமிடத்தில் முடித்திருப்பார்!

பொருத்தம்

ஏரோபாரை வாங்கி அப்படியே ஹேண்டில்பாரில் மாட்டினால் வேலை முடிந்துவிடாது. ரோடு பைக்கின் சீட் டியூப் (சேடலுக்குக் கீழே உள்ள சட்டக் குழாய்) 72 முதல் 74 டிகிரி சாய்வில் இருக்கும். ஹூடைப் பிடிக்க அது சரி. அதே சேடலில் உட்கார்ந்து முழங்கையை முன்னால் வைத்தால் இடுப்பு மடங்கி, தொடை வயிற்றில் முட்டும், மூச்சு சுருங்கும், குடித்த ஜெல் மேலே வரும். ட்ரை பைக்கில் 76 முதல் 80 டிகிரி என்பதால், இடுப்பு முன்னால் உருண்டு தொடைக்கும் வயிற்றுக்கும் இடம் கிடைக்கிறது. இரண்டு சைக்கிளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். வழவழப்பான கார்பன் குழாய் எல்லாம் இதற்கு அப்புறம்.

ரோடு பைக்கை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளலாம். பின்பக்கம் வளையாத நேரான சீட்போஸ்ட் (சேடலைத் தாங்கும் தண்டு) போட்டு சேடலை 2 முதல் 4 செ.மீ. முன்னால் நகர்த்துங்கள். 1 செ.மீ. நகர்த்தினால் சுமார் 3 மி.மீ. உயர்த்தவும் வேண்டும், இல்லாவிட்டால் பெடல் கிட்டே வந்து முட்டி வலிக்கும். ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) 10 முதல் 20 மி.மீ. குட்டையாக்குங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 172.5 மி.மீ. என்றால் 165க்கு மாற்றுவது இடுப்புக்கு இன்னும் இடம் தரும். மூக்கு பிளந்த சேடலை அவசியம் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் சாயும்போது எடை உட்காரும் எலும்பிலிருந்து முன்பக்கத்துக்கு மாறுகிறது. இதற்கு மேலும் முன்னால் தள்ளினால் முன்சக்கரத்தில் பாரம் ஏறி, ஸ்டியரிங் துள்ளும். ரோடு பைக்கின் எல்லை அங்கே முடிகிறது.

பூட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரைப் பாருங்கள். கிளிப்-ஆன் பெரும்பாலும் 31.8 மி.மீ. வட்டக் குழாய்க்குச் செய்தது. மேல்பகுதி தட்டையான ஏரோ ஹேண்டில்பாரில் பிடிக்காது. கார்பன் என்றால் கிளிப்-ஆன் மாட்டலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கவேண்டும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கியதில் வெடித்த கார்பன் பார்கள் ஏராளம். முழங்கைத் திண்டு, முழங்கைக்குச் சற்று முன்னால் கையின் சதைப்பகுதியைத் தாங்கவேண்டும். எலும்பு முனையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் கை மரத்துவிடும்.

ட்ரை பைக் வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, நண்பர் விற்கிறார் என்று '54 சைஸ்' நம்பி வாங்குவது. ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 52 ஆக இருக்கும். ஸ்டேக் (சட்டத்தின் முன்பக்க உயரம்), ரீச் (சட்டத்தின் முன்நீளம்) என்ற இரண்டு அளவுதான் பேசும். முதலில், உடம்புக்கேற்பச் சைக்கிளைப் பொருத்தித் தரும் ஃபிட்டரிடம் போய் திண்டு எங்கே வரவேண்டும் என்ற அளவை வாங்கிக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற சைக்கிளைத் தேடுங்கள்.

ரோட்டில்

கிளிப்-ஆனில் இருக்கும்போது பிரேக்கும் கியரும் ஹூடில் இருக்கின்றன. கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கையை எடுக்கவேண்டியிருப்பதால், சோம்பேறித்தனத்தில் தப்பான கியரிலேயே மிதித்துத் தொடையைக் கரைத்துவிடுவார்கள். எலக்ட்ரானிக் கியர் இருந்தால் ஏரோபார் நுனிக்குத் தனி பட்டன் இழுத்துவிடலாம். ட்ரை பைக்கில் கியர் நுனியிலேயே இருக்கிறது, ஆனால் கேபிள் கியர் என்றால் அங்கே மட்டும்தான். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது மாற்ற முடியாது.

பிரேக் விஷயத்தில் ரோடு பைக் ஜெயிக்கிறது. ஈசிஆர் மாதிரி சாலையில் விடிகாலை ஆறு மணிக்கே நாய், மாடு, பாரிகேட், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. 32 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 9 மீட்டர் போகிறோம். ஏரோபாரிலிருந்து பிரேக்குக்குக் கை போகிற நேரம் அது. நெரிசலில் ரோடு பைக்காரர் ஹூடில் விரலை வைத்துக்கொண்டே நிம்மதியாகப் போகலாம். ட்ரை பைக்கின் பேஸ்பாரில் (ஏரோபாரைத் தாங்கும் குறுக்குக் கம்பி) பிரேக் இருந்தாலும் உடம்பு தாழ்ந்து, எடை முன்னால் விழுந்து, திருப்பத்தில் நம்பிக்கை குறையும். கூட்டமாக ஓட்டும்போது ஏரோபாரில் சாய்கிறவரை யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை, அது நியாயமும்கூட.

சாப்பாடும் சாமானும்

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, வெயிலுக்கேற்ப 750 மி.லி. முதல் 1 லிட்டர் வரை தண்ணீர். இவ்வளவையும் சுமக்க ட்ரை பைக்கில் பெட்டி, முன்பாட்டில் எல்லாம் அமைந்தே வரும். ரோடு பைக்கில் இரண்டு ஏரோபாருக்கு நடுவில் பாட்டில் கூண்டை ஜிப்-டை போட்டுக் கட்டினால் அதே வேலை நடக்கும். சேடலுக்குப் பின்னால் கட்டிய பாட்டில், முதல் வேகத்தடையிலேயே தெறித்துப் போகும். ரேஸுக்கு முன் கரடுமுரடான ரோட்டில் சோதியுங்கள்.

விமானப் பயணத்தில் ரோடு பைக் சாது. 2019 முதல் கோவாவில் 70.3 (அரை தூர அயர்ன்மேன்) நடக்கிறது. முழு தூரத்துக்கு மலேசியாவின் லங்காவி, ஆஸ்திரேலியாவின் பஸல்டன் என்று பெட்டி கட்டுகிறவர்களே அதிகம். ட்ரை பைக்கில் ஹைட்ராலிக் குழாய் உள்ளே ஓடும் ஒருங்கிணைந்த ஹேண்டில்பார் என்றால், கழற்றி மாட்டத் தெரிந்த கை கூடவே வரவேண்டும். ஆழமான ரிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: 50 மி.மீ. ரிம்முக்கு 48 மி.மீ. வால்வ் கொண்ட ட்யூபை ஸ்பேராக எடுத்துப் போய், பஞ்சரானதும் காற்றடிக்க வழியில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

யாருக்கு எது

முதல் ரேஸ், சாலையில் கூட்டத்தோடு பயிற்சி, லங்காவி மாதிரி ஏற்ற இறக்கப் பாதை என்றால் ரோடு பைக்கும் கிளிப்-ஆனும் தாராளம். காசை முதலில் ஃபிட்டிங்குக்கும், பிறகு நல்ல டயருக்கும் போடுங்கள். உருள்தடை எண் 0.001 குறைந்தாலே 30 கி.மீ. வேகத்தில் 7 வாட் மிச்சம். அடுத்தது படபடக்காத ட்ரைசூட் (மூன்று பிரிவுக்கும் போடும் ஒரே உடை), ஏரோ ஹெல்மெட்.

வீட்டு ட்ரெய்னரிலேயே பெரும்பாலும் பயிற்சி, பஸல்டன் மாதிரி தட்டையான பாதை, குறைந்தது இரண்டு வருடமாவது தொடரப்போகிறோம் என்ற உறுதி, இவை மூன்றும் இருந்தால் ட்ரை பைக்குக்குக் காசு போடலாம். அதற்கு முன் கிளிப்-ஆனில் ஒரு பரீட்சை. பத்துப் பத்து நிமிடமாக நான்கு முறை சாய்ந்து ஆரம்பித்து, வாரா வாரம் நீட்டி, 120 கி.மீ. சைக்கிள் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நிமிராமல் போகிற நிலைக்கு வாருங்கள். இரண்டு முறை அப்படிப் போய்விட்டு, இறங்கிய உடனே அரை மணி நேரம் ஓடவும் முடிந்தால், கடைக்குப் போகலாம்.