சப்பென்ற கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்பிளிட் டோனிங்: 2019 முதல் என் அனுபவம்

ஆனி, ஆடியில் முட்டம், குளச்சல் பக்கம் கேமராவோடு போனவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மேகம் மூடி, வானமும் கடலும் மணலும் ஒரே சாம்பலாகக் கிடக்கும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும், எடுப்பதற்கு விஷயம் நிறைய. ஆனால் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் படம் சப்பென்று இருக்கும். அதற்காகத்தான் 2019-ல் அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஸ்பிளிட் டோனிங் பக்கம் போனேன். வெளிச்சமான பகுதிக்கு ஒரு நிறம், நிழலுக்கு வேறு நிறம், அவ்வளவுதான் வேலை.

முதல் ஒரு வருஷம் நான் செய்தது எல்லாமே தப்பு. படம் தட்டையாக இருக்கிறதே என்று நிறத்தை ஏற்றிக்கொண்டே போனேன். சப்பையான படத்தில் எல்லா டோனும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில், சாம்பலில்தான் குவிந்திருக்கும். அங்கே வெளிச்சத்துக்குக் கொடுத்த மஞ்சளும் நிழலுக்குக் கொடுத்த நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எதிரெதிர் நிறங்கள் என்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மிஞ்சுவது சேறு. இப்போது முதலில் டோன் கர்வில் (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடு) கறுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் விரித்துவிட்டுத்தான் நிறத்தையே தொடுகிறேன். ஹைலைட்டுக்கு, அதாவது வெளிச்சமான பகுதிக்கு, ஹியூ (எந்த நிறம் என்பது) 42, சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 10. நிழலுக்கு ஹியூ 225, சாச்சுரேஷன் 8 போதும். நிறம் கண்ணில் தெரிகிறது என்றால் கூடிவிட்டது, குறைத்துவிடுவேன்.

2020 அக்டோபரில் அடோபி அந்தப் பகுதியையே கலர் கிரேடிங் என்று மாற்றியது, மிட்டோனுக்கும் (நடுத்தர வெளிச்சப் பகுதி) தனியாக ஒரு சக்கரம் வந்தது. பழைய தோற்றமே வேண்டும் என்றால், நிறங்கள் எவ்வளவு கலக்கலாம் என்று சொல்லும் பிளென்டிங்கை 100-ல் வைக்க வேண்டும். எனக்கு 30 பக்கத்தில்தான் பிடித்திருக்கிறது, இரண்டு நிறமும் அதிகம் கலக்காமல் தள்ளி நிற்கும். பேலன்ஸையும் விட்டுவிடாதீர்கள். ப்ளஸ் பக்கம் தள்ளினால் ஹைலைட்டின் நிறம் கீழே வரை இறங்கும், வானம் நிறைந்த படங்களுக்கு அது நல்லது. காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு இலவச மென்பொருளான டார்க்டேபிளிலும் ஸ்பிளிட் டோனிங் இருக்கிறது.

இது ஃபிலிம் படங்களைப் பிரிண்ட் போடும் டார்க்ரூமிலேயே இருந்த பழக்கம். பிரிண்டில் படமாக இருப்பது வெள்ளி. செபியா என்ற பழுப்பு நிறத்துக்கான பிளீச் (வெளுக்கும் திரவம்) வெளிச்சமான பகுதியின் மெல்லிய வெள்ளியைத்தான் முதலில் பிடிக்கும், செலினியம் என்ற இன்னொரு டோனரோ அடர்ந்த நிழலைப் பிடிக்கும். பிளீச்சைப் பாதியில் நிறுத்தி, செபியா போட்டு, நன்றாகக் கழுவி, அப்புறம் செலினியத்தில் போட்டால் ஒரே பிரிண்டில் இரண்டு நிறம். இதைப் படித்த பிறகுதான் எந்த நிறம் எங்கே போக வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது.

இரண்டு இடத்தில் நன்றாக அடிபட்டேன். ராத்திரி வேலை செய்யும்போது லேப்டாப்பில் நைட் லைட் ஆன் ஆகியிருந்தது. திரையே மஞ்சள், அதனால் நான் நீலத்தைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன், காலையில் பார்த்தால் மீன்காரம்மாவின் முகம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. இன்னொரு முறை பிரிண்டுக்குக் கொடுத்த கடையில் கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஃபைலைக் கிரேஸ்கேலாக, அதாவது நிறமே இல்லாததாக, மாற்றிவிட்டார்கள். பத்துப் பிரிண்டும் வெறும் சாம்பல். அன்றிலிருந்து ‘ஆர்ஜிபி-யாகவே, அதாவது வண்ணப் படமாகவே அடிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, முதலில் ஒரே ஒரு சின்னப் பிரிண்ட் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறேன்.

எல்லாப் படத்துக்கும் இது வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்த மர வேலைப்பாடுகளுக்கு நிழலில் நீலம் கொடுத்தால் மரம் இரும்பு மாதிரி ஆகிவிடுகிறது, அங்கே ஹைலைட்டுக்கு மட்டும் லேசான சூடு, நிழலைத் தொடுவதில்லை. கடலுக்குத்தான் இது அற்புதமாகப் பொருந்துகிறது. முட்டத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் போன ஆடியில் எடுத்தேன். பிரிண்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மக்ளே, அன்னைக்கு வெயிலே இல்லியே, கையில மட்டும் எப்பிடி வெயில் விழுந்துது?”