டொன் ஜியோவானி: திருந்தாத ஆளும் வெள்ளையடிச்ச சிலையும்

1787ல ப்ராக்ல முதல் போட்ட மொசார்ட்டின்ர ஓபராவ (பாட்டு நாடகம்) இப்ப கோட் சூட், ஃபோன் எல்லாம் குடுத்து புதுசா போட்டிருக்கினம், கொழும்பு 7ல பாத்தம். வேலைக்காரன் லெபரெல்லோ முதலாளி டொன் ஜியோவானி மயக்கின பொம்பிளையளின்ர லிஸ்ட்ட பாடுற இடம்தான் டொப், ஸ்பெயினில மட்டும் 1003 எண்டு ஃபோன ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே போறான், சனம் விழுந்து விழுந்து சிரிக்குது, ஆனா முன்னால நிக்கிற, முதலாளி ஏமாத்திக் கைவிட்ட எல்விரா முகத்தில ஒரு அசைவும் இல்ல, அதப் பாத்தோண்ண எங்கட சிரிப்பும் நிண்டிட்டு. அந்தப் பிள்ளையின்ர குரலுக்கே டிக்கட் காசு சரி.

ஹீரோ சுமார், ஸ்டைல் இருக்கு, பயம் வரேல்ல.

சொதப்பினது சிலை. டொன் ஜியோவானி கொலை செய்த கிழவர் கல்லுச் சிலையா சாப்பாட்டுக்கு வாற சீன் எண்டா நெஞ்சு பதறோணும், இங்க ஒராள் மதிலுக்கு அடிச்ச மாதிரி வெள்ளைப் பெயின்டோட நடந்து வாறார். ட்ரொம்போன் எண்ட பித்தளை ஊதுவாத்தியமும் இல்ல, கீபோர்டில சமாளிச்சிட்டினம், மொசார்ட் அந்தச் சிலைக்கெண்டே எடுத்து வச்ச வாத்தியம் அது. ஆனா திருந்து திருந்து எண்டு சிலை கேக்க டொன் ஜியோவானி மாட்டன் மாட்டன் எண்டு கத்திற இடம் மட்டும் உண்மையா புல்லரிச்சிது.

சப்டைட்டில் இங்கிலிஷ் மட்டும்தான், கதைய வாசிச்சிட்டுப் போங்கோ, ஏசி சரியான குளிர், அம்மாமாரக் கூட்டிக்கொண்டு போனா சால்வை கட்டாயம்.