கல்யாண கேசட்டை ‘முறை மாற்றி’ வாங்கப் போகிறவர்களுக்கு

1992-இல் திருச்சியில் நடந்த என் அக்காவின் திருமண வி.எச்.எஸ். கேசட்டுகள் மூன்றை, சென்ற ஆண்டு டொராண்டோவில் ஒரு கடையில் டிவிடியாக மாற்றக் கொடுத்து ஏமாந்தேன். இந்தியாவில் பதிவான அவை ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை என்பதால், தொலைக்காட்சி நிலையத் தரத்தில் கனடாவின் ‘என்.டி.எஸ்.சி.’ முறைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி, கேசட்டுக்கு 60 டாலர் வாங்கினார்கள்.

வந்த டிவிடியில் அப்பா பந்தலுக்குள் நடந்து வரும்போது ஒவ்வோர் அடியும் தடுக்கித் தடுக்கி விழுந்தது. அக்காவின் கூரைப்புடவைச் சரிகைக் கரை, அவர் திரும்பும்போதெல்லாம் படிக்கட்டாக உடைந்தது. கேட்டதற்கு, “பழைய கேசட் அண்ணா, இதைவிட நல்லா வராது” என்றார் கடைக்காரர்.

அது உண்மையன்று. இரு முறைகளையும் ஓட்டும் நண்பர் ஒருவரின் மல்டி சிஸ்டம் வி.சி.ஆரில் அதே கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அப்பா சீராக நடந்தார். ‘பால்’ முறையில் விநாடிக்கு 50 அரைப்படங்கள் (ஒரு முழுப்படத்தின் பாதி வரிகள் மட்டும் கொண்டவை), கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576, ‘என்.டி.எஸ்.சி.’யிலோ ஏறக்குறைய 60 அரைப்படங்கள், 480 வரிகள். நிலையங்களில் உள்ள உயர்தரக் கருவிகள் அசைவின் போக்கைக் கணித்து இடைப்பட்ட படங்களைப் புதிதாக உருவாக்குகின்றன. மலிவான கருவியோ ஐந்து அரைப்படங்களுக்கு ஒன்றை இரட்டித்து, ஆறு வரிகளுக்கு ஒன்றை வெட்டி எறிந்துவிடுகிறது. விநாடிக்குப் பத்து முறை அசைவு நின்று நகர்வதும், சரிகையின் சாய்ந்த கோடுகள் உடைவதும் அதனால்தான். அப்படி எறியப்பட்ட வரிகளை அந்த டிவிடியிலிருந்து எவராலும் மீட்க முடியாது.

எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது வேறொன்று: இந்த மாற்றமே தேவையில்லை. இன்றைய கணினியும் கைபேசியும் 50 அரைப்படப் பதிவை அப்படியே இயக்கும். அதைச் சொல்லாமலே பணம் வாங்கியிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

ஆகவே கேசட்டைக் கொடுக்கும் முன், ‘பால்’ ஓட்டும் வி.சி.ஆர். இருக்கிறதா, 576 வரிகளும் விநாடிக்கு 25 முழுப்படங்களும் குறையாமல், அரைப்படங்களைக் கலக்காமல் கோப்பாகத் தருவார்களா என்று கேளுங்கள். அந்த உறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். “டிவிடி மட்டும்தான்” என்றால் கேசட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மூன்றையும் நண்பரின் வி.சி.ஆர். வழியாக நானே மறுபடி பதிவு செய்துவிட்டேன். இரண்டாவது கேசட்டில் மட்டும், கடையிலிருந்து திரும்பி வந்தபோது நாடா கசங்கியிருந்த இடத்தில், தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு, படம் சில விநாடிகள் கலங்கித்தான் வருகிறது.