பழைய காரின் இண்டிகேட்டருக்கு எந்த பிளாஷர்: வெப்ப வகையா, மின்னணு வகையா?

இண்டிகேட்டர் சிமிட்டாமல் நின்றுவிட்ட அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களை வைத்திருப்போர், விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறு கருவியான பிளாஷரில், பழைய வெப்ப வகையையே மீண்டும் வாங்குவதா, மின்னணு வகைக்கு மாறுவதா என்று தயங்குகிறார்கள். எதை வாங்குவதற்கு முன்பும் பல்பு ஹோல்டரின் துருவைச் சுரண்டி, காரின் உலோக உடலோடு சேரும் எர்த் இணைப்பைச் சரிபார்த்துவிடுங்கள். குறை பல நேரங்களில் அங்கேதான் இருக்கிறது.

இயக்கம்: வெப்ப வகையில், பல்புகளுக்குச் செல்லும் மின்னோட்டமே உள்ளிருக்கும் உலோகத்தைச் சூடாக்கி இணைப்பைத் துண்டிக்கிறது, ஆகவே 12 வோல்ட்டில் இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் குறைந்தால், சிமிட்டும் வேகம் மாறும், அல்லது சிமிட்டலே நின்றுபோகும்.
மின்னணு வகையில் நேரத்தை மின்சுற்றே நிர்ணயிப்பதால் வேகம் சீராக இருக்கும்.

எச்சரிக்கை: ஒரு பல்பு போனால் வெப்ப வகை காட்டிக்கொடுத்துவிடும். மின்னணு வகையில் சில மாதிரிகள் அதைக் காட்டுவதில்லை. பாதுகாப்பைக் கருதினால் இது சிறிய குறையன்று.

பொருத்துதல்: வெப்ப வகையைப் பழைய இடத்திலேயே செருகலாம்.
மின்னணு வகைக்குப் பெரும்பாலும் தனி எர்த் கம்பி வேண்டும். முனைகளும் மாறிவிடக் கூடாது.

விலை, ஆயுள்: முன்னது மலிவு, பின்னது நீடிக்கும்.

அசல் பல்புகளோடு ஓடும் காருக்கு வெப்ப வகையே போதும். மிகக் குறைந்த மின்னோட்டமே இழுக்கும் எல்இடி விளக்குகளைப் பொருத்தியவர்கள், எல்இடிக்கு உரியதெனக் குறிக்கப்பட்ட மின்னணு பிளாஷரையே வாங்க வேண்டும்.